ரொம்ப லேசானது

பாரந்தாங்கிக் கையுறை இல்லாமல் ஹாசினி எதையும் தூக்கிப் பல வருடமாகிறது. குக்கரானாலும் குழந்தையானாலும் கனத்தையெல்லாம் கையுறையே வாங்கிக்கொள்ளும், அவள் கையின் கனத்தையும் சேர்த்து.

அன்று மகள் அமுதினியின் எடை வகுப்பைப் பார்க்கத் தாய்மார்கள் வந்திருந்தார்கள். கண்ணை மூடி நின்ற பிள்ளைகளின் உள்ளங்கையில் எலுமிச்சை, உருளைக்கிழங்கு என்று வைத்து, எத்தனை கிராம் இருக்குமென்று ஆசிரியை கேட்டார். பெரியவர்களில் வெறுங்கையோடு இருந்தது அவர் மட்டும்தான்.

"உங்க வீட்டுலயே ரொம்ப லேசானது எது?"

"கறிவேப்பிலை!"

"பஞ்சு!"

"எங்கம்மா கை, மிஸ்," என்றாள் அமுதினி. "தலையில வச்சாக்கூடத் தெரியாது."

தாய்மார்கள் சிரித்தார்கள். ஹாசினிக்கு முகம் சுண்டிப்போயிற்று. கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு எழுந்துபோய், மகளின் உள்ளங்கையில் தன் கையை வைத்தாள்.

அமுதினி அதை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். கண்ணைத் திறக்காமலே முகம் மலர்ந்தது.

"இது ஈஸி. மிஸ்ஸோட கை!"

ஆசிரியை திடுக்கிட்டு நிமிர்ந்தார். சொல்லிவிடாதீர்கள் என்று ஹாசினி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"கரெக்ட்," என்றார் ஆசிரியை.