நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கடல்சார் கொள்கையை இருபது வருடம் கற்பித்த பூங்கோதை, துறைமுக ஆணையத்தின் தலைவராகி மூன்று வாரம்தான் ஆகிறது. துணைச் செயலர் தணிகைவேல் கோப்பைத் திறந்து, கையெழுத்திட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். புதிய துறைமுகத்துக்காக நானூறு மீனவக் குடும்பங்கள் கரையை விட்டு வெளியேற வேண்டும். அதற்குக் காரணமாக ஒரே ஒரு வரி இருந்தது: 'இக்கரையில் மீன்பிடித் தொழில் நின்றுவிட்டது.'

"இத யாரு எழுதினது?"

"நீங்கதான் மேடம். உங்க பிஎச்.டி. ஆய்வு, நூத்திப் பன்னண்டாம் பக்கம்."

அந்தக் கரையில் பத்து நாள் குடை பிடித்து நின்றது நினைவுக்கு வந்தது. ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. கரையேற்றிக் கிடந்தவற்றைக் கைவிடப்பட்டவை என்று குறித்துக்கொண்டாள். அது மே மாதம், மீன்பிடித் தடைக்காலம் என்பது பட்டம் வாங்கிய பிறகே தெரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எத்தனையோ பேராசிரியர்கள் இருக்க, தன்னை எதற்குத் தேடி வந்தார்கள்?

"நான் அங்க எந்த மாசம் போனேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்" என்றார் தணிகைவேல், சற்றும் யோசிக்காமல். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"போடுங்க மேடம். ஃபேன் காத்துல மை காஞ்சிரும்."