ஆறு வரிசை

"பிரிச்சிடும்மா."

டீச்சர் அந்தக் கரும்பச்சை ஸ்வெட்டரை மேஜையில் ஒரு தள்ளு தள்ளினார். நாலு மாத உழைப்பு. வகுப்பில் இருந்த ஏழு பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"என்ன தப்பு டீச்சர்?" என்றாள் செருப்புக் கடை அக்கா.

சொந்தக் கடை எல்லாம் இல்லை. செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். பதினாறு வருடம் நின்றதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு ஆளுக்குக் கச்சிதமாக ஸ்வெட்டர் பின்னிக் காட்டும் இன்றைய பரீட்சையில் தேறினால் தினசரி காலை வகுப்பை அவளிடமே ஒப்படைப்பதாக டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

"ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாரு. இடது கை ஒரு இஞ்ச் குட்டை!" டீச்சர் விரலால் எண்ணினார். "ஆறு வரிசை குறையுது. நான் படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? ரெண்டு கையையும் ஒரே ஊசியில ஏத்து, ஆளுக்கொரு நூல்கண்டு வை, சேர்த்தே பின்னு. இது ஒரு வரிசை ஏறினா அதுவும் ஏறும். தப்பே வராது."

"நான் தனித்தனியாத்தான் பின்னினேன் டீச்சர்."

"அதான் பல்லை இளிக்குது!"

டீச்சருக்கு அந்த மிடுக்கு பொருந்தும். தன் கம்பளி நூல் கடையின் பின்னறையில் இருபது வருடமாக வகுப்பு நடத்துகிறார். கழுத்தில் எப்போதும் அளவு டேப். நாலு இஞ்ச் துண்டு பின்னி அளந்து காட்டாமல் யாரும் வேலையைத் தொடங்க முடியாது. புது நூலை ஓரத்தில் சேர்க்காமல் வரிசை நடுவில் சேர்த்தால் தொலைந்தார்கள்.

அவர் சொல் பேச்சுக் கேட்காத ஒரே ஆள், முன்னறையில் கல்லாவில் உட்காரும் அவர் கணவர்தான். "இவ்வளவு அழகா ஓரம் கட்டிக் குடுக்கறேன், மனுஷன் கையைச் சுருட்டிச் சுருட்டி அதைக் கெடுக்கறார். ஸ்டைலாம்!" என்று டீச்சர் வாரம் ஒரு தடவையாவது வகுப்பில் புலம்புவார்.

"கவனக்குறைவுன்னு ஒத்துக்கோ. ரெண்டு நாள் தரேன், சரி பண்ணிட்டு வா."

"கவனக்குறைவு இல்ல டீச்சர். எண்ணித்தான் நிறுத்தினேன்."

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். "ஏன்க்கா, உங்க கடையில ஒரு கால் எட்டு, ஒரு கால் ஏழுன்னு விப்பீங்களோ?"

"விக்க மாட்டோம்மா. ஆனா தினமும் பார்க்கறேனே. செருப்புத்தான் ஜோடியா வரும். கால் அப்படி வராது."

"வாயடிக்காதே," என்றார் டீச்சர். "யாருக்குப் பின்னினே? அந்த ஆளைக் கூட்டிட்டு வந்து போட்டுக் காட்டு. அதுதானே பரீட்சை?"

அக்கா வாயைத் திறந்தாள். முன்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். வகுப்பை ஒரு தடவை பார்த்தாள்.

"அதை மட்டும் சொல்ல முடியாது டீச்சர்."

"அப்போ தேறவும் முடியாது."

"சரி டீச்சர். ஆனா பிரிக்க மாட்டேன்."

ஸ்வெட்டரை மடித்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்தாள். வேலை கைநழுவிப் போனதில் அவளுக்கு வருத்தம்தான். தன் கணக்கில் மட்டும் சந்தேகமே இல்லை.

"ஒரு நிமிஷம் இரும்மா."

வாசலில் டீச்சரின் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

"நூல் வாங்கும்போது எனக்கு என்ன நிறம் பிடிக்கும்னு கேட்டியே. கரும்பச்சைன்னு சொன்னேன். நீ சும்மா கேக்கறதா நினைச்சேன்."

சொல்லிக்கொண்டே தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினார். அதில் இடது கை மட்டும் இரண்டு சுருட்டு சுருட்டியிருந்தது. அக்காவிடமிருந்து பச்சை ஸ்வெட்டரை வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

ஸ்வெட்டர் இரண்டு மணிக்கட்டிலும் கச்சிதமாக நின்றது. கைகள்தான் சமமாக நிற்கவில்லை. இடது கை ஒரு இஞ்ச் குட்டை.

டீச்சர் அந்த இடது கையைப் பிடித்துப் பார்த்தார். "இது... எப்போலேர்ந்து?"

"நூல் மூட்டை அடுக்கும்போது ஏணியிலேர்ந்து விழுந்தேனே, ஒன்பது வருஷம் ஆச்சு. எலும்பு கூடிச்சு. கொஞ்சம் குட்டையா கூடிச்சு."

"இந்த ஒன்பது வருஷத்துல பதினோரு ஸ்வெட்டர் பின்னியிருக்கேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஒவ்வொரு தடவையும் 'ரெண்டு கையும் சரிசமமா இருக்கா, பாருங்க'ன்னு கேட்டே. சரிசமமாத்தான் இருந்துச்சு. இருக்குன்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அக்காவிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நீயாவது சொல்லியிருக்கலாமே? வேலையே போயிருக்குமேடி!"

"நான் சொல்லியிருந்தா ஏழு பேர் முன்னாடி உங்க பேரு போயிருக்கும் டீச்சர்."

டீச்சர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வகுப்பை நீதான் ஆரம்பிக்கறே. முதல்ல ரெண்டு கையையும் தனித்தனியா அளக்கச் சொல்லிக் குடு. முன்வரிசையில எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை."