டேனியை மீட்கும் பேரம்

எங்கள் கல்லூரி மாணவன் டேனியின் விலை நாற்பது லட்சம் கியாட், பர்மியப் பணத்தில், என்கிறான் போனில் தரகன். வேலை தருவதாகக் கூட்டிப்போய் அவனை எல்லையோர இணைய மோசடிக் கூடத்தில் அடைத்து வைத்திருப்பவன். பர்மாவின் பசுந்தாங் பகுதியில், எங்கள் கல்லூரி வராண்டாவில் மாலை வெயில், அவனை மீட்க மாதம் முழுக்கப் பிரியாணி விற்ற மாணவர்களின் காலி அண்டாக்களில் மின்னுகிறது. வெங்காய மண்டிக்காரர் மகள் பெர்சிஸ், ஸ்பீக்கரில் கிடக்கும் போனிடம் சலிப்பாகப் பர்மியில் சொல்கிறாள்: “முப்பது. கட்டுப்படியாகலைன்னா நீங்களே வெச்சுக்கோங்க அண்ணே.” பட்டென்று துண்டிக்கிறாள். டேனியின் அம்மா ஆன்மேரி நெஞ்சைப் பிடிக்கிறார். “அடிப்பாவி! இதென்ன துணிக்கடையா?” “கடைய விட்டு இறங்கினாத்தான் ஆன்ட்டி, பின்னாலயே கூப்பிடுவான்.” பெர்சிஸின் குரல் நிதானமாக இருக்கிறது. காக்கைகள் கத்துகின்றன. போன் அடிக்கிறது. “சரி, முப்பது,” என்கிறான் தரகன். “பையன் பஸ் ஏறி எங்ககிட்ட பேசினதும் பணம்,” என்கிறாள் பெர்சிஸ். “சரி.” வராண்டாவே கூவுகிறது. ஆன்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை முறைக்கிறார். “ஏன்டி, என் புள்ள நாற்பது பெறமாட்டானா?” மாணவர்கள் அண்டாவைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள். வசூல் முப்பத்திரண்டு லட்சம், டேனிக்கு முப்பது, மீதி இரண்டு, அதே கூடத்தில் இன்னும் அடைபட்டிருக்கும் மாணவன் லூர்துவை மீட்க, அவன் பெயரில் வரவு.