உள்ளே இன்னொருவர்

கணினிப் புதுப்பிப்பு நாற்பத்திரண்டு சதவிகிதத்தில் நின்றது. மூன்றாவது வாரமாக அதே இடம்.

குஞ்ஞம்பு மாஷ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் படித்தார். பூட்டு வேறொரு செயலியின் பிடியில் இருக்கிறது, காத்திருக்கவும் என்றது.

வேறு எந்தச் செயலி? வீட்டில் அவர் மட்டும்தான். கணினியும் ஒன்றுதான்.

பய்யன்னூர் வட்டாரத்தில் பாதி வாத்தியார்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். பள்ளி மாஷாக, அதாவது வாத்தியாராக, இருந்து ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் விரல்கள் மறக்கவில்லை. இப்போது இந்த இயந்திரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தட்டிக் கேட்டார்.

இரண்டு பேர் என்று பதில் வந்தது.

ஒன்று அவர். இன்னொன்று ‘சஹாயி’, உதவியாள், என்ற பெயர். எங்கோ வெளியிலிருந்து, காலை ஆறு நாற்பதுக்கு நுழைந்து, இன்னும் உள்ளேயே இருந்தது.

அப்படியொரு பயனர் கணக்கை அவர் உண்டாக்கியதே இல்லை.

பழைய சகா பவித்ரனுக்கு ஃபோன் போட்டார். முழுக்கக் கேட்பதற்குள் அந்தப் பக்கம் கத்த ஆரம்பித்துவிட்டார்.

“யாரோ உள்ள பூந்துட்டான் மாஷே! பார்த்துட்டா இருப்பீங்க? முதல்ல வயரப் பிடுங்குங்க!”

மாஷ் மேசைக்கடியில் குனிந்து இணைய வயரைப் பிடுங்கினார். நிமிரும்போது தலை பலகையில் இடித்தது. வலியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் திருடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அவமானமாக இருந்தது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசலில் ரம்லத்தின் குரல். பக்கத்து வீட்டுக்காரி. மாவு ஒட்டிய கையோடு, மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள்.

“மாஷே! உங்களுக்கு ஒண்ணுமில்லையே?”

“எனக்கென்ன?”

“யாரோ கூப்பிட்டாங்க. வெளிநாட்டு நம்பர். கல்ஃப்ல இருக்கிற எங்க வீட்டு இக்கான்னு நினைச்சு எடுத்தா, ஒரு பொம்பளைக் குரல். மாஷ் எழுந்து நடமாடுறாரான்னு கொஞ்சம் ஓடிப்போய்ப் பாருங்கன்னு ஒரே கெஞ்சல். பேர் கேட்டேன், சொல்லல.”

அவள் அங்கேயே நின்று, இன்னும் துண்டிக்காத ஃபோனைக் காதில் வைத்து, “நல்லா கல்லு மாதிரி நிக்கிறாரு, பயப்படாதீங்க” என்றாள். திரையைப் பார்த்தாள்.

“வெச்சுட்டாங்க. அடுப்புல பத்திரி ரொட்டி கருகிடும், வரேன்.”

மாஷ் மறுபடி கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

சஹாயி என்ற கணக்கு எப்போது திறக்கப்பட்டது என்று தேடினார். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் எட்டாம் தேதி மாலை.

தேதியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

அது அவர் மனைவி சாரதாவின் பதினாறாம் நாள். அன்று மாலை இந்த வீட்டில் கணினி தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

சாரதா இறந்தபோது, மகள் ஷிம்னா டப்ளினிலிருந்து வந்து மங்களூரில் இறங்கிவிட்டதாக ஃபோன் செய்தபோது, அவர் காத்திருக்கவில்லை. நோயாளித் தாயை விட்டுப் போனவள் என்ற கோபம். சொந்தக்காரர்கள் சொல்லியும் கேட்காமல் சிதைக்குத் தீ வைத்தார். அவள் வந்தபோது புகை மட்டும் இருந்தது.

“மூணு மணி நேரம்தானே, அச்சா.” அவள் அவ்வளவுதான் சொன்னாள். பதினாறு நாளும் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. டப்ளின் திரும்பிய பிறகு ஃபோன் நம்பரை மாற்றிக்கொண்டாள். அவரும் தேடவில்லை. யார் கேட்டாலும், “அவளுக்கு நான் செத்தாச்சு” என்பார்.

சஹாயி இத்தனை நாளாக உள்ளே வந்து என்ன செய்தது என்று பதிவுகளைத் திறந்தார்.

கோப்பு எதையும் தொடவில்லை. கடிதம் எதையும் படிக்கவில்லை. தினமும் காலையில் ஒரு தடவை நுழைந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெளியேறியிருந்தது. இந்தக் கணினியைப் போட்டு எவ்வளவு நேரமாகிறது?

அவர் ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாகக் கணினியைப் போடுகிறவர். இரவு தவறாமல் அணைக்கிறவர்.

நாற்பது நிமிடம். முப்பத்தெட்டு நிமிடம். நாற்பத்தொரு நிமிடம். பதில் கிடைத்ததும் போய்விட்டிருக்கிறாள். அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

இன்று மட்டும் அதிகமாக நாலு வரிகள் இருந்தன. மூன்று வாரமாக நின்றுபோன புதுப்பிப்பைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறாள். பாதியில் அவர் வயரைப் பிடுங்க, இந்தப் பக்கம் சட்டென்று செத்துப்போயிருக்கிறது.

மாஷ் வயரை மாட்டினார். திரை அசையவில்லை. யாரும் நுழையவில்லை.

சும்மா இருக்க முடியாமல் தேதிகளை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு நாள் விடாமல் ஒழுங்காக வந்த வரிசை, போன ஜூலையில் அறுந்திருந்தது. அவர் கணினி அப்போதும் தினமும் ஓடியிருக்கிறது. ஜூலை நாலுக்கு அப்புறம் இருபத்து நாலு.

பத்தொன்பது நாள் அவள் வரவில்லை.

மறுபடி எண்ணினார். பத்தொன்பதுதான். அந்த நாட்களில் அவர் பக்கத்துக் காவுக் கோயிலில் தெய்யம் ஆடியபோது எடுத்த பழைய படங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

செருப்புப் போடத் தோன்றவில்லை. ஈர முற்றத்தைக் கடந்து ரம்லத்தின் சமையலறை வாசலில் போய் நின்றார்.

“அந்த நம்பர் இருக்கா?”

“இருக்கு மாஷே. நீங்க நல்லாருக்கீங்கன்னு நான்தான் சொல்லிட்டேனே?”

“நீ சொன்னே,” என்றார் மாஷ். “அவ நல்லாருக்காளான்னு யாரும் கேக்கலயே.”