அண்ணன் நின்ற இடம்

"இவரும் வேண்டாம்டா."

டிரம்மர் இப்படிச் சொன்னதும் பாடகருக்குப் பொறுமை பறந்துவிட்டது. ஆடாமல் அசையாமல் நின்று, அப்பழுக்கில்லாமல் பேஸ் கிட்டார் வாசித்துவிட்டுப் போயிருந்தார் ஒருவர். காலையிலிருந்து ஒத்திகை அறைக்கு வந்தவர்கள் எல்லோருமே ஒருவரைவிட ஒருவர் பிரமாதம். டிரம்மர்தான் யாரையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ரசிகர்கள் 'இடி' என்று தலையில் வைத்துக் கொண்டாடும் டிரம்மர் அவர். போன மாதம் வரை அவருக்கு எதிரே நின்று பேஸ் வாசித்தவர் அவருடைய கூடப் பிறந்த அண்ணன். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் குழுவை இழுத்து மூட வேண்டியதுதான்.

"மாப்பிள்ளை தேடுறவங்ககூட இப்படித் தட்டிக் கழிக்க மாட்டாங்க" என்றார் பாடகர், அவர் எதிரில் உட்கார்ந்து. "எனக்கும் அவர் அண்ணன்தான்டா. நானும்தான் அழுறேன். அதுக்காக அவர் இடத்துல யாருமே நிக்கக் கூடாதுன்னா எப்படி?"

டிரம்மர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தவரைக் கூப்பிடு."

அடுத்து வந்தவன் ஒரு நெட்டையன்.  பயத்தில் இரண்டு மூன்று இடத்தில் சுரம் தப்பியது. போதாக்குறைக்கு, தாளம் தவறக் கூடாதென்று பூட்ஸ் காலால் தரைப் பலகையை 'தொம் தொம்' என்று மிதித்துக்கொண்டே வாசித்தான். பாடகர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

டிரம்மரோ அவனோடு சேர்ந்து வெளுத்து வாங்கினார். அண்ணன் போனதிலிருந்து தடுமாறிக்கொண்டிருந்த கை அன்றைக்குத்தான் பழையபடி பேசியது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"இவரையே வச்சுக்கலாம்."

நெட்டையன் வெளியே போகும்வரை பாடகர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு டிரம்மருக்கு முன்னால் வந்து நின்றார்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? தங்கமான ஆளுங்களையெல்லாம் விரட்டிட்டு இந்தத் தகரத்தைப் பிடிச்சிருக்கே. அண்ணன் கட்டிக் காப்பாத்துன பேரு இவனால கெட்டா பரவாயில்லையா? அவன் தப்புத் தப்பா வாசிச்சது உன் காதுல விழவே இல்லையா?"

டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்தார். 

"விழலடா. எனக்குக் காது போய் ரொம்ப வருஷமாச்சு, அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். நீ பேசறது உன் உதட்டுல தெரியுது, பாட்டு அவர் கால்லதான்டா தெரிஞ்சுது."