மூன்று மயில்கள்

“தொடாதே மதலேனா! தடயம் அழிஞ்சுடும்!”

அற்புதராஜ் சமையலறை இடுக்கியால் அந்த அட்டையைத் தூக்கிப் பழைய செய்தித்தாள் மேல் வைத்தார். சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்து ஏழாவது மாடி வீட்டில் கொலையே நடந்துவிட்டது போலிருந்தது. நடந்தது என்னவோ, அவர் மனைவி ஒரு பரிசு அட்டையைக் காசால் சுரண்டிப் பார்த்ததுதான்.

“மூணு கட்டத்துலயும் மயில் வந்திருக்குங்க. மூணு மயில் வந்தா எட்டுப் பவுன் சங்கிலியாம். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கடையில கொண்டு போய்க் காட்டணுமாம்,” என்றாள் மதலேனா. காலைத் திருப்பலி முடிந்து, தேக்கா சந்தை வரைக்கும் போய் வாங்கிவந்த மீனை அவள் அப்போதுதான் கழுவிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குத் தேக்கா சந்தையை ஒட்டிய சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றில் அற்புதராஜ் மோதிரம் வாங்கினார். பில்லில் தன் முழுப் பெயரையும் போடச் சொல்லி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். கூடவே கொடுத்த அட்டையை மட்டும் “குப்பை” என்று பையிலேயே விட்டுவிட்டார்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வட்டாரத்தின் மோசடித் தடுப்புத் தொண்டூழியர். நீல நிற மேல்சட்டை உண்டு, வாரம் ஒருமுறை புளோக்கின் கீழ்த்தளத்தில் சொற்பொழிவு உண்டு. இந்தப் பதவிக்கான தகுதியை அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே சம்பாதித்திருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த யாரோ ஒரு முதலீட்டு நிபுணரை நம்பி, “கழுத்துல சும்மா தொங்குற தங்கத்தால என்ன பிரயோஜனம்?” என்று மதலேனாவின் எட்டுப் பவுன் சங்கிலியைக் கழற்றி விற்று, பணத்தை அனுப்பிவைத்தார். நிபுணரும் போனார், சங்கிலியும் போனது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனையோ அடுப்பங்கரைப் பாதுகாப்புக் குழுவிலேயே சேர்ந்துவிட்டது. மதலேனாவுக்குத்தான் அன்றிலிருந்து கவரிங் சங்கிலி. பாவம், தேவாலயத்தில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று முந்தானையால் மூடிக்கொள்வாள்.

“மோசடிக்கு மூணு அடையாளம்,” என்று அற்புதராஜ் விரலை மடக்கினார். “ஒண்ணு, உனக்குப் பரிசு விழுந்திருக்குன்னு சொல்லுவான். ரெண்டு, டைம் இல்ல, சீக்கிரம் வான்னு அவசரப்படுத்துவான். மூணு, உன் ஐசியை, அதான் அடையாள அட்டையைக் கேப்பான். கார்டுக்குப் பின்னால பாரு, போட்டிருக்கா?”

“போட்டிருக்குங்க. ஐசி கொண்டு வரணுமாம்.”

“பாத்தியா! கன்ஃபர்ம் ஸ்கேம் லா!”

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இத்தனை இலட்சணமும் பொருந்திய மோசடியை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

“நாம மோதிரம் வாங்கின கடைதானேங்க. ஒரு எட்டு நேர்ல போய் செக் பண்ணிட்டு வந்துடறேனே.”

“கடை நிஜம், கார்டு போலி. இப்பல்லாம் அப்படித்தான் பண்றானுங்க. உன் ஐசியை வச்சு பேங்க்ல அக்கவுண்ட் திறந்து, திருட்டுப் பணத்தை உள்ள விட்டு வெளிய எடுப்பான். அப்புறம் போலீஸ் வந்து கதவைத் தட்டும்.”

மதலேனாவின் முகம் வாடியது. “போலீஸ் வந்தா உங்களையும்ல கேப்பாங்க? தொண்டூழியர் வீட்டுலயே இப்படின்னு பேப்பர்ல போட்டுடுவாங்களே.”

அற்புதராஜுக்கு வியர்த்துவிட்டது. சென்ற மாதம்தான் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய ஆணி இன்னும் பளபளப்பாக இருந்தது.

“அப்ப நீ போகத்தான் போறே?”

“ஒரு தடவை போய்க் கேட்டுட்டா மனசு ஆறிடும்ங்க.”

“போ. ஆனா எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு இப்பவே எழுதி வச்சுடுவேன்.”

எழுதினார். “அற்புதராஜ் ஆகிய நான், இந்த அட்டையின் மீதோ இதனால் வரும் எதன் மீதோ இன்றும் என்றும் எந்த உரிமையும் கோர மாட்டேன். வருவது எதுவானாலும் அது என் மனைவி மதலேனாவை மட்டுமே சேரும்.” கீழே கையெழுத்து, தேதி, மணி, நிமிடம்.

“கார்டு நம்பரையும் போட்டுடுங்க. நாளைக்கு வேற கார்டுன்னு யாரும் சொல்லிடக் கூடாது.”

“இப்பத்தான் உனக்குப் புத்தி வருது,” என்று மெச்சிக்கொண்டே நம்பரையும் எழுதினார். எதிர்வீட்டு இப்ராஹீமைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார். செய்வதைத் திருந்தச் செய்கிற மனிதர்.

ஐந்தரை மணிக்கு மதலேனா நகைக்கடையில் நின்றாள். மேனேஜர் கோவிந்தசாமி அட்டையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், பிறகு பில்லைப் பார்த்தார்.

“பரிசு விழுந்திருக்கு, வாழ்த்துகள்மா. ஆனா பில் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவர் விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாத்தான் சங்கிலியை உங்க கையில கொடுக்க முடியும்.”

மதலேனா கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். கோவிந்தசாமி படித்துவிட்டுத் தலையாட்டினார். சங்கிலி பெட்டியிலிருந்து அவள் கழுத்துக்கு வந்தது. அதைத் தொட்டுப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துக் கவுண்டரில் இருந்த விற்பனைப் பெண் சுசீலா எட்டி அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தாள். சாட்சிக் கையெழுத்து வரைக்கும் வந்ததும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“காலையில நான் குடுத்த சாம்பிள் லெட்டரைவிட அங்கிள் நல்லாவே எழுதியிருக்காரு, ஆன்ட்டி!”