கைதான பனிப்பொம்மை

"பானெட் மேல யாருப்பா இது?"

ஷ்ரியா என்ற பனிமலையின் இறக்கத்தில் காரை நிறுத்திய போலீஸ்காரர் சிரிக்காமல் கேட்டார்.

"பனிப்பொம்மைங்க, ஐயா," என்றான் ஜுபீர்.

வெள்ளிக்கிழமை. பனியில் தாம்பாளத்தில் உட்கார்ந்து சறுக்கிவிட்டு ஊர் திரும்பும் ஒவ்வொரு காரின் மூக்கிலும் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. மலைக்குப் போய்வந்ததை அண்டை வீட்டார் நம்ப வேண்டாமா? ஜுபீரின் பொம்மை மட்டும் அவனுடைய கம்பளி அங்கியைப் போர்த்தியிருந்தது.

"மூக்கு எங்க?"

"கேரட் வெச்சிருந்தோம். வர்ற வழியில குரங்கு பிடுங்கிட்டுப் போயிடுச்சு."

"சம்சாரம் உள்ள நடுங்கறாங்க. போர்வை பொம்மைக்கா?"

"போர்த்தினா சீக்கிரம் உருகாதுங்க. ஹீட்டர்கூடப் போடலை."

நசீரா கண்ணாடியை இறக்கினாள். "பல்லு தந்தியடிக்குது. பரவாயில்லைங்க. எங்க பொண்ணு இதுவரைக்கும் பனியைத் தொட்டதே இல்லை. கிளம்பற நேரம் பார்த்து அம்மை போட்டிருச்சு. 'நீ வர வேணாம், பனி உன்னைத் தேடி வரும்'னு சொல்லி, அவ அத்தைகிட்ட விட்டுட்டு வந்தோம். வாசல்லயே கண்ணை வெச்சிட்டு இருப்பா."

போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி, முகவரிவரை நிதானமாகப் படித்தார். பொம்மையின் தோளைத் தட்டினார். தண்ணீர் சொட்டியது.

"ரோட்டை மறைக்குது. தப்பு. இவரை நான் கூட்டிட்டுப் போறேன்."

"எல்லா வண்டியிலயும்தான் இருக்கு, ஐயா!"

"அதெல்லாம் குழந்தைங்க. உன்னோடது வளர்ந்த ஆளு. நீ கிளம்பு."

அங்கியோடு சேர்த்து அணைத்துத் தூக்கித் தன் ஜீப்புக்குக் கொண்டு போய்விட்டார்.

அடுத்த வளைவிலேயே நெரிசல். கார்கள் நத்தையாக ஊர்ந்தன. முன்னால் நின்ற வண்டிகளின் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து, பானெட்டில் வழிந்து, இல்லாமல் போயின.

பின்னாலிருந்து சைரன். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதே ஜீப். முன் சீட்டில், ஜுபீரின் அங்கியோடு, சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு பனிப்பொம்மை போனது.

"பார்த்தியா நசீரா? தன் பிள்ளைங்களுக்குக் கொண்டு போறான். திருட்டுப் பய. அதுக்குச் சைரன் வேற."

"எனக்கு என்னைக்காவது நீங்க சீட் பெல்ட் மாட்டி விட்டிருக்கீங்களா?" என்ற நசீரா, உடனே கண் கலங்கினாள். "ரிஹாமுக்கு என்ன பதில் சொல்றது?"

அந்தக் கோபத்தில், மலை இறங்கி முடிக்கும்வரை அந்த மனுஷனையும் அவர் உடுப்பையும் ஜீப்பையும் விடாமல் திட்டித் தீர்த்தான் ஜுபீர்.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெறும் கையோடு கதவைத் தட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

ரிஹாமே ஓடிவந்து திறந்தாள். முகம் முழுக்கக் கொப்புளம், அதற்கு மேல் சிரிப்பு. அவள் பின்னால் முற்றத்தில், அங்கி போர்த்தி நின்றது பனிப்பொம்மை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போலீஸ் விசில்.

"போலீஸ் மாமா சைரன் போட்டுக் கொண்டு வந்தாருப்பா!"

ஜுபீருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்று முனகினான்.

"அதுக்கும் பதில் சொல்லிட்டுப் போயிருக்காரு," என்றாள் ரிஹாம். "'உங்கப்பா வழியெல்லாம் என்னைத் திட்டிட்டே வருவாரு, திட்டட்டும். உண்மையைச் சொல்லியிருந்தா, ரோட்டுல நிக்கற அத்தனை பேரும் ஆளுக்கொரு பொம்மையைத் தூக்கிட்டு என் ஜீப்புக்கு வந்திருப்பாங்க'ன்னாரு."